ஒன்பதாம் பெயர்

அன்று காலை ஏழரை மணிக்குக் காஞ்சிரவிளை அண்டியாபீசின் முற்றத்தில் இருந்தவர்கள், வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி, இவர்கள்: வயதிலும் வாயிலும் மூத்தவளான சொர்ணம், கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு வந்திருந்த கனகபாய், அவளுக்கு எப்போதும் பக்கத்தில் நிற்கும் ஸ்டெல்லா, றோஸ்லெட், அம்மிணி, ஆறாவதாக லீலாபாய், ஆனால் அவள் பெயர் படிக்கப்பட்ட நேரத்தில் அவள் இன்னும் வாசலைக் கடந்திருக்கவில்லை, அண்ணனையும் தம்பியையும் மணந்ததால் ஒரே வீட்டில் வாழும் ஓரகத்திகள் சுந்தரியும் வசந்தாவும், ஒன்பதாவதாக ஜெபமலர், கடைசியாக, ஒரு காது கேளாத டெல்பின். இவர்களுக்கு எதிரே மேசை போட்டு, தலையைக் குனிந்துகொண்டு பெயர் விளித்தவர் எபனேசர் மேஸ்திரி. சொர்ணம், லீலாபாய், ஜெபமலர், மேஸ்திரி ஆகிய நால்வரை நினைவில் நிறுத்தினால் போதும். மற்றவர்கள் சாட்சிகள்.

ஆபீஸ் என்ற சொல்லைக் கேட்டு நாற்காலியையும் மின்விசிறியையும் எண்ணிக்கொள்பவர்களுக்காகச் சொல்ல வேண்டியிருக்கிறது: அண்டியாபீஸ் என்பது முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் கொட்டகை. அங்கே பெண்கள் இரு பிரிவு. வறுத்த கொட்டையைக் கல்லில் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டி உடைப்பவர்கள் தல்லுக்காரிகள். ஓட்டிலிருந்து தெறிக்கும் எண்ணெய் அவர்கள் உள்ளங்கையைத் தின்று கறுப்பாக்கிவிடும், சாம்பலைத் தேய்த்தாலும் சோப்பைத் தேய்த்தாலும் அது போகாது, விரல் நுனியில் ரேகை என்று ஒன்று பிறகு இருக்காது. உடைத்த பருப்பின் மேல் இருக்கும் செந்தோலைச் சிறு கத்தியால் உரிப்பவர்கள் தொலிக்காரிகள்; அவர்கள் கைகள் திருமணப் பெண்ணின் கைகளைப் போலவே இருக்கும். ஜெபமலர் தல்லுக்காரி. லீலாபாய் தொலிக்காரி. மேஸ்திரிக்கு இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பெண்களின் முகம் தெரியாது. மேசையின் மறுபக்கத்திலிருந்து கொட்டைத் தகரத்தை வாங்க நீளும் கைகளைத்தான் தெரியும்.

அங்கே நெடுங்காலமாக ஒரு வழக்கம் இருந்தது. பெயர் விளிக்கும்போது பேருந்து தவறியோ பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டோ ஒருத்தி வரப் பிந்தினால், அருகில் நிற்பவள் அவளுக்காக "உண்டு" என்று சொல்லிவிடுவாள், தலை நிமிராத மேஸ்திரி புள்ளி வைத்துவிடுவார், பிந்தி வந்தவள் மறுநாளோ மறுவாரமோ அதே உதவியை வேறொருத்திக்குச் செய்வாள். அதைத் தவறென்று யாரும் கருதவில்லை.

ஆனி மாதத்து முதல் திங்களன்று ஜெபமலர் தூணுக்குப் பின்னால் சாய்ந்து நின்றாள். முந்தைய வெள்ளியன்று மகள் பெனிட்டாவின் பள்ளியில் பெற்றோரை அழைத்திருந்தார்கள். பதினொரு வயதுப் பெனிட்டா வாசலிலேயே தாயை நிறுத்தி, "கையைச் சேலைக்குள்ள வச்சுக்கிடுங்கம்மா, டீ தந்தா வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள். ஜெபமலர் கணவனை இழந்து ஆறாண்டு ஆகிறது. அவளுக்கு இருந்தது அந்த ஒரு மகள். அவள் கையைச் சேலைக்குள் வைத்துக்கொண்டாள், டீயை வேண்டாமென்றாள், வீடு திரும்பி உலை வைத்தாள். திங்களன்று மேஸ்திரி "லீலாபாய்" என்று விளித்தபோது, வராத லீலாபாயின் வெளுத்த கைகள் அவள் நினைவுக்கு வந்தன. அந்தக் கைகளாக இருந்திருக்கலாம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு, வழக்கப்படி, அவளுக்காக "உண்டு" என்றாள். ஒன்பதாவதாகத் தன் பெயர் விளிக்கப்பட்டபோது அவள் வாய் திறக்கவில்லை. மேஸ்திரி இன்னொரு முறை விளித்தார். அப்போதுதான் மூச்சு வாங்க உள்ளே நுழைந்த லீலாபாய், "உண்டு" என்று அவளுக்காகச் சொன்னாள்.

நடந்தது இவ்வளவுதான். அதன் பிறகு லீலாபாய் தல்லுக் கொட்டகைக்குப் போய் ஜெபமலரின் கல்லுக்கு முன்னால் அமர்ந்து கொட்டாப்புளியை எடுத்தாள். ஜெபமலர் தொலி மேசைக்குப் போய்க் கத்தியை எடுத்தாள். மாலையில் இருவருடைய கால்களும் தடுமாறாமல் மற்றவள் வீட்டுக்குத் திரும்பின. முகங்கள் மாறவில்லை. ஆனால் குடும்ப அட்டையில் இருந்த படம் மாறியிருந்தது, வாசலில் நின்ற பெனிட்டா லீலாபாயைப் பார்த்து "அம்மா, பசிக்குது" என்றாள், லீலாபாயின் கணவனான கொத்தனார் குமாரதாஸ் ஜெபமலரிடம் குளிக்கத் தண்ணீர் கேட்டார், படுக்கையில் கிடந்த அவருடைய தாய் புரட்டிப் படுக்க வைக்கும்படி அவளை மருமகளே என்று அழைத்தாள். முற்றத்தில் பெயர் விளித்ததைக் கேட்டவர்களுக்கு மட்டுமே பழையது நினைவிருந்தது. ஊரில் வேறு எவருக்கும் அது தெரியாது. மேஸ்திரிக்கு இரண்டு பெயர்களுக்கும் புள்ளி விழுந்திருந்தது. அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை சாம்பல் குவியலருகே ஸ்டெல்லா சொன்னாள்: "நேத்து லீலாக்கா ஜெபாக்கா வீட்டுக்குள்ள போச்சு. என் கண்ணால கண்டேன்."

"நானுந்தான் கண்டேன்" என்றாள் சொர்ணம். "சாளை மீன் வாங்கிக்கிட்டுப் போனா."

"பிறவு?"

"பிறவு என்ன பிறவு. மீனைக் கழுவியிருப்பா."

ஒரு வாரம் கழித்துக் கனகபாய் தன் பெயரை ஸ்டெல்லாவுக்குக் கொடுத்தாள், ஸ்டெல்லாவுக்குக் குழந்தை இல்லாததால் ஆறு நாளாவது முழுத் தூக்கம் தூங்கலாம் என்பது அவள் எண்ணம், தூங்கவும் செய்தாள், ஏழாம் நாள் மார்பு கட்டிக்கொண்டதால் திரும்பினாள். அம்மிணியும் றோஸ்லெட்டும் மாற்றிக்கொண்டபோது ஒருத்தி முத்தாரம்மன் கோயிலுக்கும் மற்றவள் சபை ஆராதனைக்கும் போக நேர்ந்தது. குரவையும் கீர்த்தனையும் அவரவர் வாயில் தாமாகவே வந்தன, விசுவாசம் வந்ததா என்று யாரும் கேட்கவில்லை. ஓரகத்திகள் இருவரும் இரண்டு வாரம் மாற்றி வாழ்ந்து பார்த்து, படுக்கும் அறையைத் தவிர வேறு வித்தியாசம் காணாமல் பழையபடி ஆனார்கள். அந்த அறை விஷயத்தைப் பெண்கள் தங்களுக்குள்ளும் பேசிக்கொள்ளவில்லை. ஆகவே இங்கும் அது எழுதப்படாது.

"எங்க வீட்டு மனுசனை ஒரு வாரம் யாராவது கொண்டு போங்க பிள்ளைகளே" என்று சொர்ணம் பலமுறை கேட்டாள். "சோறு குழைஞ்சாலும் திம்பாரு. பல்லு தேய்க்க மட்டும் பழக்கி அனுப்பினா போதும்."

சொர்ணத்தின் பெயருக்குச் சொர்ணத்தைத் தவிர வேறு ஒருத்தியும் கடைசிவரை உண்டு சொல்லவில்லை.

காலப்போக்கில் அதற்கு ஒரு முறை ஏற்பட்டது. மாற்றிக்கொள்வது திங்களன்று மட்டும் என்றானது, இல்லையென்றால் ஒருத்தி ஊறப்போட்ட அரிசியை இன்னொருத்தி தேடிக்கொண்டிருக்க வேண்டிவந்தது. வீட்டை விட்டுப் போகிறவள், வீட்டுக்கு வருகிறவளிடம், கொட்டகைக்குப் பின்னாலுள்ள குழாயடியில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்: மூத்தவனுக்கு முருங்கைக்கீரை ஆகாது, மாமியாருக்கு மாத்திரையைப் பாலில் கொடுக்காதே, சின்னவள் பொய் சொன்னால் இடது கண்ணைச் சிமிட்டுவாள். இதைச் சொல்லாமல் போவது மட்டும் பெரும் பிழையாகக் கருதப்பட்டது. இன்னொன்றும் நடந்தது. வராதவளுக்காக வாய் திறக்கும் பழைய வழக்கம் நின்றுபோனது. பேருந்து தவறியவளுக்காக இரங்கி உண்டு சொன்னால் அவளுடைய கடைசி மகனின் வலிப்பும் சேர்ந்து வருமோ என்று பயந்து, பெண்கள் அவரவர் பெயரை மட்டும் சொல்லி, பக்கத்தில் பார்க்காமல் நின்றார்கள்.

கார்த்திகைக்குள் எல்லோரும் தங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டிருந்தார்கள். சலிப்பினால் திரும்பினார்கள், பாசத்தினால் என்று சொல்வதற்கு ஆதாரம் இல்லை. திரும்பாதவர்கள் ஜெபமலரும் லீலாபாயும் மட்டுமே. அவர்கள் இருவரும் குழாயடியில் எதையும் சொல்லிக்கொள்ளவும் இல்லை, ஏனென்றால் முதல் மாற்றத்தின்போது அந்த முறையே பிறந்திருக்கவில்லை.

ஜெபமலருக்கு அந்த வீட்டில் குறையொன்றும் இல்லை. குமாரதாஸ் அதிகம் பேசாதவர், அடிக்காதவர். கிழவியைக் காலையும் மாலையும் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், முதுகில் பவுடர் போட வேண்டும். இரவில் ஜெபமலர் ஆமணக்கெண்ணெயைக் கையில் பூசிக்கொண்டு படுத்தாள். ஆவணியில் ஒரு படலம் உரிந்தது, ஐப்பசியில் இன்னொன்று. தை பிறந்தபோது உள்ளங்கை வெளுத்து, சிறுமியாக இருந்தபோது பார்த்திருந்த கோடுகள் மீண்டும் தெரிந்தன. விரும்பியது கிடைத்துவிட்டது. அவள் அதை வெயிலில் நீட்டிப் பார்த்தாள், பிறகு கிழவிக்குக் கஞ்சி வைக்கப் போனாள். மகளை நினைத்தாளா என்றால், நினைத்தாள். ஆனால் ஊசி போட்ட ஈறு பல்லை நினைப்பதுபோல, அங்கே ஒன்று இருக்கிறது என்ற அளவில் நினைத்தாள். வலிக்காததால் அவசரப்படவில்லை.

ஆடி மாதத்தில், சந்தை முக்கில், பள்ளி விட்ட நேரத்தில் அவர்களைப் பார்த்தாள். பெனிட்டா வளர்ந்திருந்தாள். லீலாபாயின் கை முழங்கை வரை கறுத்திருந்தது. சாலையின் மறுபுறம் பெனிட்டாவின் வகுப்புப் பெண்கள் ஆறேழு பேர் நின்றிருந்தார்கள். பெனிட்டா அந்தக் கறுத்த கையைப் பற்றிக்கொண்டு சாலையைக் கடந்தாள், கடந்த பிறகும் விடவில்லை, அந்தப் பெண்களிடம் நின்று பேசி முடிக்கும்வரை அதைப் பிடித்தபடியே இருந்தாள், பேச்சின் நடுவே அதை ஆட்டவும் செய்தாள். ஜெபமலர் தன் வெளுத்த கையில் தக்காளிப் பையுடன் பேருந்து நிழற்குடையில் நின்றாள். அன்று வீட்டுக்குப் போய்க் கிழவியைப் புரட்ட மறந்தாள்.

மறுநாள் குழாயடியில் லீலாபாயைப் பிடித்தாள்.

"வார திங்க என் பேருக்கு நான் சொல்லுதேன், லீலா."

"எந்தப் பேருக்கு?"

"ஒம்பதாவது."

லீலாபாய் கையில் சாம்பலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ஒம்பதாவது என் பேருல்லா."

"விளையாடாத பிள்ளே. பெனிட்டா என் வயித்துப் பிள்ளை."

"இல்லைன்னு நான் சொன்னேனா? பெத்தது நீ. ஒரு வருசமா தலையில பேன் பார்த்தது நான். அம்மை போட்டப்பம் வேப்பிலை விரிச்சுப் படுக்க வச்சது நான். இந்தக் கையாலதான்."

"அன்னைக்கு ஏதோ அசதியில மறந்து நின்னேன். நீயும் உதவின்னு நினைச்சுத்தானே சொன்ன?"

"தூணுக்குப் பின்னால நீ நிக்கது எனக்குத் தெரியும்" என்றாள் லீலாபாய். "மேஸ்திரி ரெண்டு தடவை விளிச்சாரு. ரெண்டாவது தடவையும் நீ வாயைத் திறக்கல. பிள்ளை கேட்டுப் பதினாலு வருசம் கோயில் கோயிலா நடந்தவ நான். நீ வேண்டாம்னு கீழ வச்சதை எடுத்தேன், அவ்வளவுதான்."

ஜெபமலர் பக்கத்தில் குடம் வைத்திருந்த சொர்ணத்தைத் திரும்பிப் பார்த்தாள். "எக்கா, நீ ஒரு நியாயம் சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல. என் காதுல விழுந்தது உண்டுங்கது மட்டும். அது எந்த மனசுலருந்து வந்துதுன்னு பார்க்க எனக்குக் கண்ணா இருக்கு?" சொர்ணம் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். "ரெண்டு பேரும் பைப்பை அடைச்சுட்டுப் பேசுங்க. தண்ணி போவுது."

அன்றிலிருந்து லீலாபாய் மேசைக்கு மிக அருகில் நின்றாள். ஒன்பதாம் பெயரின் முதல் எழுத்து மேஸ்திரியின் வாயிலிருந்து விழுமுன் அவள் குரல் எழுந்தது. ஜெபமலர் மூன்று திங்கட்கிழமைகளில் முயன்றாள். மூன்றிலும் அவள் "உண்டு" இரண்டாவதாக வந்தது. நான்காம் திங்களன்று, ஆறாம் பெயரைக் கைவிட்டால் ஒன்பதாவது தானாகத் திரும்புமோ என்று எண்ணி, லீலாபாய் என்று விளித்தபோது வாயை மூடிக்கொண்டாள். ஒன்பதாவதும் கிடைக்கவில்லை. அன்று முழுவதும் அவள் யாராகவும் இருக்கவில்லை. தொலி மேசையில் அவளுக்கு முன்னால் பருப்பு கொட்டப்படவில்லை, வீட்டில் குமாரதாஸ் ஒரு தட்டை மட்டும் கழுவி எடுத்துக்கொண்டார், கிழவி சுவரைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண்ணைத் தண்ணீருக்கு அழைத்தாள். ஜெபமலர் நடுக்கூடத்தில் நின்றாள். ஒருவரும் அவள் மேல் இடித்துக்கொள்ளவும் இல்லை. விலகிப் போனார்கள், நாற்காலியை விலகிப் போவதுபோல. செவ்வாயன்று அவள் ஆறாம் பெயருக்கு உண்டு சொன்னாள்.

ஆவணிக் கடைசியில் முதலாளி ஒரு கருவி வாங்கினார். இனிப் பெயர் விளிக்க வேண்டியதில்லை, காலையில் ஒவ்வொருத்தியும் பெருவிரலை அதன்மேல் வைத்தால் போதும், அது ஆளைத் தெரிந்துகொள்ளும் என்றார்கள். சனிக்கிழமை கடைசியாக ஒருமுறை பெயர் விளித்து, சொன்னவளுடைய விரலை அந்தப் பெயரோடு கருவிக்குள் ஏற்றிவிடுவது என்று ஏற்பாடு. அதன் பொருள் எல்லாப் பெண்களுக்கும் புரிந்தது. இனி ஒருத்தியின் பெயரை இன்னொருத்தி எடுத்துக்கொள்ள முடியாது. ஜெபமலர் வெள்ளியன்று மாலை கிழவியைப் புரட்டிப் படுக்க வைத்து, பவுடர் போட்டு, மாத்திரைகளைக் காலை, மதியம், மாலை என்று தனித்தனித் தாளில் மடித்துவைத்தாள். திரும்பி வரப்போகும் லீலாபாய்க்கு எளிதாக இருக்கட்டும் என்பதற்காக.

சனிக்கிழமை அவள் ஏழு மணிக்கே வந்து, மேசைக்கு முன்னால், லீலாபாயின் தோளோடு தோள் நின்றாள். கருவி மேசையின் ஓரத்தில் இருந்தது, அதைக் கொண்டுவந்த மனிதர் அதன் பின்னால் அமர்ந்திருந்தார். சொர்ணம் உண்டு சொன்னாள். கனகபாய், ஸ்டெல்லா, றோஸ்லெட், அம்மிணி சொன்னார்கள். லீலாபாய் என்று விளித்தபோது யாரும் சொல்லவில்லை. மேஸ்திரி இரண்டாம் முறை விளித்துவிட்டு மேலே போனார். சுந்தரி சொன்னாள், வசந்தா சொன்னாள்.

"ஜெபமலர்."

இரண்டு குரல்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஒன்று முந்தியது என்று பின்னாளில் யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரு காது கேளாத டெல்பின் மட்டும், "ஒருத்திதானே சொன்னா?" என்று பக்கத்தில் கேட்டாள்.

மேஸ்திரியின் பேனா நின்றது. தலை நிமிரவில்லை. "இதுல யாரு ஜெபமலர்?"

"நான்" என்றாள் ஜெபமலர். "நான்" என்றாள் லீலாபாய்.

"கையை நீட்டுங்க."

நான்கு கைகள் பதிவேட்டின் மேல் நீண்டன. மேஸ்திரி பருப்பின் தரம் பார்க்கும்போது எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாரோ அவ்வளவு நேரம் பார்த்தார். பின்பு பேனாவின் பின்முனையால் கறுத்த கையைத் தொட்டார்.

"ஜெபமலர் தல்லுக்காரி. பதினாறு வருசமா இந்த மேசைக்கு வார கை எனக்குத் தெரியாதா? இன்னொண்ணு தொலிக்காரி. லீலாபாய்னு ரெண்டு தடவை விளிச்சேன், காது எங்க வச்சிருந்த?" இரண்டு பெயருக்கும் புள்ளி வைத்தார்.

"மேஸ்திரி அண்ணே, அந்தக் கை என்னுது" என்றாள் ஜெபமலர்.

"எந்தக் கை?"

ஜெபமலர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். அவற்றில் ஒரு கறையும் இல்லை. முற்றத்தில் நின்ற எட்டுப் பெண்களையும் பார்த்தாள். எட்டுப் பேருக்கும் தெரியும். எட்டுப் பேரும் அவரவர் பெயர் மட்டும் சொல்லி, பக்கத்தில் பார்க்காமல் நிற்கப் பழகியிருந்தார்கள். சொர்ணம் தொண்டையைக் கனைத்தாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கருவிக்காரர் கறுத்த பெருவிரலை வாங்கி வைத்துப் பார்த்தார். மூன்று முறை வைத்தும் சிவப்பு விளக்கே எரிந்தது. "இந்த அம்மாவுக்கு ரேகையே இல்லையே" என்றார்.

"தல்லுக்காரிக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார் மேஸ்திரி. "பேரை மட்டும் ஏத்திக்கிடுங்க."

அடுத்து வெளுத்த பெருவிரல். வைத்த உடனே பச்சை விளக்கு எரிந்தது, கருவி ஒரு பெண்குரலில் நன்றி சொன்னது, சின்னத் திரையில் லீலாபாய் என்று எழுத்து வந்தது. "இப்படி இருந்தா வேலை சுலபம்" என்றார் கருவிக்காரர்.

கொட்டகைக்குள் முதல் கொட்டாப்புளி விழும் சத்தம் கேட்டது. பெண்கள் கலைந்தார்கள். கறுத்த கைகளை உடையவள் மட்டும் குழாயடிக்குப் போகும் வழியில் ஒதுங்கி நின்றாள். முறை என்று ஒன்று இருந்தது. பிள்ளையை விட்டுப் போகிறவள் பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அதைக் கேட்காமல் வருகிறவள் நகரக் கூடாது. அவள் சாம்பல் பூசாத கைகளோடு காத்து நின்றாள். மற்றவள் அவளருகே வந்து நின்றாள், உதட்டைப் பிரித்தாள், பெனிட்டாவைப் பற்றித் தனக்குத் தெரிந்தவற்றுள் இவளுக்குத் தெரியாதது எது என்று தேடினாள். வெகுநேரம் தேடினாள். பின்பு, பதிவேட்டில் ஆறாவதாக உள்ள அவள், பெருவிரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல், வாசலைக் கடந்து போனாள்.